மாத்திரையும் பிரசாதமா?

கர்ப்பிணிக்கு யோசனை சொல்லாதவர் நம் நாட்டில் கிடையாது. மாமியார் தாயத்துக் கட்டுகிறார். ஜோசியர் பரிகாரம் சொல்லுகிறார். கடைக்காரர் “இயற்கைச் சத்து” என்று ஒரு டப்பாவை நீட்டுகிறார். காரணம் சொல்லுகிறவர்கள் எத்தனை பேர் என்பதே நமது கேள்வி.

தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்யும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் மாதங்களில் சிசு, தன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோனுக்குத் தாயையே நம்பியிருக்கிறது. ஆகவே அவளுடைய லெவோதைராக்சின் அளவைப் பெரும்பாலும் கூட்ட வேண்டிவரும். சர்க்கார் கொடுக்கும் இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளும் அவசியமானவையே. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கினால், இவ்விரண்டும் லெவோதைராக்சினை உடலில் சேரவொட்டாமல் தடுக்கும். இடையில் 4 மணி நேரம் விடவேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதாதா? சொல்லாமல் விட்டுவிட்டு, பிள்ளைக்குக் கேடு வந்தால் “தலைவிதி” என்பதா?

நிற்க, அயோடின் நல்லதென்றால் அதிகம் இன்னும் நல்லது என்பதும் மூடநம்பிக்கையே. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடற்பாசி மாத்திரைகள் சிலவற்றில் அதைவிடப் பன்மடங்கு உண்டு. அது சிசுவின் சுரப்பியையே பாதிக்கக்கூடும்.

பிரசாதத்தைத்தான் கேள்வி கேளாமல் விழுங்கச் சொன்னார்கள், மருந்தையுமா? சகோதரிகளே! எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். ஏன், எவ்வளவு, எப்போது என்று வைத்தியரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. அதுவே சுயமரியாதை என்போம்.