சட்டப் புத்தகக் காட்டில் வழி தெரிய வேண்டாமா?

தகப்பனார் காலமாகி விட்டார். ஊரில் ஒரு வீடு இருக்கிறது. கொஞ்சம் நிலமும் இருக்கிறது. எல்லாம் தாத்தா காலத்துச் சொத்து. "இதில் எனக்குப் பங்கு உண்டா?" என்று மகள் கேட்கிறாள்.

"பெண்ணுக்கு ஏதம்மா பங்கு?" என்கிறார் பெரியப்பா. "உண்டு" என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். "கல்யாணம் ஆகி விட்டால் கிடையாது" என்கிறார் மூன்றாவது ஆள்.

யார் சொல்வதை நம்புவது?

சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் தெரிந்து விடும். ஆனால் எந்தப் புத்தகம்? அது எங்கே இருக்கிறது? அங்கேதான் சிக்கல்.

"எனக்குச் சட்டம் தெரியாது" என்று சொல்லி யாரும் கோர்ட்டில் தப்பி விட முடியாது. சட்டம் எல்லோருக்கும் தெரியும் என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். அப்படியானால் சட்டம் இருக்கும் இடத்துக்கு வழி காட்ட வேண்டியது யார்? சட்டம் போட்டவர்கள்தானே?

30 லட்சம் புத்தகங்கள்

அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டனில் ஒரு சட்ட நூல் நிலையம் இருக்கிறது. அந்த நாட்டுப் பார்லிமெண்டாகிய காங்கிரசுக்குச் சொந்தமானது. 1832-ம் ஆண்டு 2,011 புத்தகங்களுடன் அதைத் தொடங்கினார்கள். இன்று ஏறக்குறைய 30 லட்சம் புத்தகங்கள் இருக்கின்றன. உலகத்திலேயே மிகப் பெரிய சட்ட நூல் நிலையம் அதுதான். ஒரு நாளைக்கு ஒரு புத்தகம் வீதம் புரட்டினாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 8 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

அங்கே வக்கீல்கள் மட்டும்தான் போகலாமா? இல்லை. 16 வயது நிரம்பிய யாரும் அடையாளச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் படிக்கலாம்.

இத்தனை புத்தகங்களில் வேண்டியதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தெருப் பெயரும் கதவு எண்ணும் தெரிந்தால் பட்டணத்தில் வீட்டைக் கண்டுபிடிக்கிறோம் அல்லவா? அப்படித்தான்.

சட்டப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் 'கே' என்ற ஆங்கில எழுத்து அடையாளம். அமெரிக்கச் சட்டத்துக்குக் 'கே.எப்.' இங்கிலாந்துச் சட்டத்துக்குக் 'கே.டி.' நம் இந்தியச் சட்டத்துக்குக் 'கே.என்.எஸ்.' அந்த எழுத்துக்களுக்குப் பிறகு எண்கள் வரும். சொத்துக்கு ஒன்று, குற்றத்துக்கு ஒன்று என்று பொருளுக்குத் தக்கபடி எண் மாறும். புத்தகத்தின் முதுகில் அந்த விலாசம் ஒட்டியிருக்கும்.

ஆனால் அலமாரியைக் கண்டுபிடித்து விட்டால் மட்டும் போதாது. உள்ளே மூன்று வகைப் புத்தகங்கள் இருக்கின்றன. அதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் திக்குத் தெரியாத காடுதான்.

மூன்று வகை

முதல் வகை, சட்டம். பார்லிமெண்டும் சட்டசபையும் நிறைவேற்றியது.

இரண்டாவது வகை, தீர்ப்புத் தொகுப்பு. அந்தச் சட்டத்துக்கு என்ன பொருள் என்று கோர்ட்டு சொன்னது.

மூன்றாவது வகை, விளக்க நூல். சட்டத்தையும் தீர்ப்புகளையும் சேர்த்து அறிஞர்கள் விளக்கி எழுதியது.

முதன் முதலாக ஒரு சட்ட நூல் நிலையத்துக்குள் போனபோது எனக்கும் இது தெரியாது. பட்டம் வாங்கியவன் என்ற நினைப்பு. யாரையும் கேட்கவில்லை. அரை மணி நேரம் அலமாரி அலமாரியாகச் சுற்றினேன். கடைசியில் அங்கே இருந்த நூலகர் அருகில் வந்தார். "உங்களுக்கு என்ன வேண்டும் தம்பி, சட்டமா, தீர்ப்பா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் பாதி வழி தெரிந்து விட்டது.

புதிதாகப் போகிறவர்கள் விளக்க நூலில் தொடங்குவது நல்லது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தீர்ப்பு என்று அதுவே சொல்லி விடும். பிறகு சட்டத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். கடைசியாகத் தீர்ப்பு.

தீர்ப்பைக் கண்டுபிடிக்கவும் ஒரு குறிப்பு உண்டு. '(2020) 9 எஸ்.சி.சி. 1' என்று இருந்தால் மிரள வேண்டாம். அது 2020-ம் ஆண்டு வந்த தொகுப்பு. எஸ்.சி.சி. என்பது சுப்ரீம் கோர்ட்டு வழக்குகளை வெளியிடும் தொகுப்பின் சுருக்கப் பெயர். 9-வது புத்தகம், 1-வது பக்கம். அவ்வளவுதான்!

ஒரு புத்தகத்தை நம்பினால்...

இப்போது நம் மகளுடைய கேள்விக்கு வருவோம். அவர்கள் இந்துக் குடும்பம்.

அவள் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த புதிதில் அச்சான புத்தகத்தை எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே உரிமை வருகிறது. மகளுக்கு அப்படி இல்லை என்று அதில் இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் விடுவாள்.

ஆனால் 1989-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் சட்டம் மாறியது. அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்த மகளுக்கு மகனைப் போலவே உரிமை வந்தது. கல்யாணம் ஆனால் கிடையாது என்று மூன்றாவது ஆள் சொன்னாரே, அந்தப் பேச்சு இந்தச் சட்டத்திலிருந்து வந்திருக்கலாம்.

2005-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி மத்திய சட்டமே திருத்தப்பட்டது. கல்யாணம் ஆனவளோ, ஆகாதவளோ, மகளுக்கும் மகனுக்கும் ஒரே உரிமை என்று ஆகி விட்டது. 2004-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதிக்கு முன்பே முறைப்படி நடந்து முடிந்த பாகப் பிரிவினைகளை மட்டும் இந்தத் திருத்தம் தொடாது.

அதோடு முடிந்ததா? இல்லை. 2005-ல் அந்தத் தேதியன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். தகப்பனார் அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியது இல்லை என்று சொன்னார்கள். அந்தத் தீர்ப்புதான் மேலே சொன்ன 9-வது புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

பாருங்கள்! ஒரே கேள்வி. 1956-ல் ஒரு பதில். 1989-ல் ஒரு பதில். 2005-ல் ஒரு பதில். 2015-ல் ஒன்று. 2020-ல் ஒன்று. எந்தப் புத்தகத்தில் நின்று விடுகிறோமோ, அந்த இடத்தில் நம் உரிமையும் நின்று விடுகிறது. ஆகவே, எந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அச்சான ஆண்டு. இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, "இதற்குப் பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா?"

கைபேசி இருக்கிறதே?

"கையில் போன் இருக்கும்போது நூல் நிலையம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. போனிலும் நல்ல வசதி வந்திருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டே தன் தீர்ப்புத் தொகுப்பை 2023-ம் ஆண்டு முதல் இலவசமாக இணையத்தில் பார்க்க வைத்திருக்கிறது. நல்ல காரியம்தான்.

ஆனால் போனில் பழைய சட்டமும் வரும், புதிய சட்டமும் வரும். எது பழையது, எது புதியது என்று அது நம் தோளைத் தொட்டுச் சொல்லாது. அதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

நூல் நிலைய இயலின் தந்தை என்று இந்தியா போற்றும் எஸ்.ஆர்.அரங்கநாதன் சீர்காழியில் பிறந்த தமிழர். 1931-ல் அவர் நூல் நிலையங்களுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். படிக்க வருகிறவரின் நேரம் வீணாகக்கூடாது என்பதும் அதில் ஒரு விதி. பொது நூல் நிலையங்களுக்குச் சுதந்திர இந்தியாவில் முதலில் சட்டம் போட்டதும் 1948-ல் அன்றைய சென்னை மாகாணம்தான். அவ்வளவு பெருமை உள்ள நாம் இன்னும் ஒரு படி போகக்கூடாதா?

ஒவ்வொரு மாவட்ட நூல் நிலையத்திலும் ஒரு சட்ட மேஜை வேண்டும். சொத்து, வாடகை, கூலி, ஜீவனாம்சம், நுகர்வோர் குறை போன்ற வீட்டுக்கு வேண்டிய சட்டங்கள் தமிழில், கடைசித் திருத்தம் வரை அங்கே இருக்க வேண்டும். பழைய பதிப்புகளின் மேல் 'பழையது' என்று சீட்டு ஒட்ட வேண்டும். வழி சொல்லத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவர் வக்கீல் வேலை பார்க்க வேண்டாம். புத்தகத்தைக் காட்டினால் போதும். வழக்கு என்று வந்தால் வக்கீலிடம்தான் போக வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாத பெண்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச உதவி கொடுக்க 1987-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. அந்தப் புத்தகத்தையும் அதே மேஜையில் வைக்க வேண்டும்.

செலவு அதிகம் ஆகுமா? ஒரு மேஜை, ஒரு அலமாரி, ஒரு ஆள். அவ்வளவுதான்.

அங்கே அந்த மகள் வருவாள். "எனக்குப் பங்கு உண்டா?" என்று கேட்பாள். மேஜையில் இருப்பவர் சரியான புத்தகத்தை எடுத்து, சரியான பக்கத்தைத் திறந்து வைப்பார். அவள் தானே எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

பிறகு பெரியப்பாவிடம் அவள் பேசுகிற பேச்சே வேறாக இருக்கும்!