கூரைச் சூரியனுக்கு வீட்டு மெக்கர் போதாது

வடக்குப்பட்டு என்றதும் 2022-இல் தொல்லியல் துறை அகழாய்வு செய்த ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வரும். அந்த ஊரைச் சுற்றி இன்று நீள்வது ஒரகடம் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள். சூரிய மின்சாரத்துக்கு இதைவிடத் தோதான இடம் அமைவது அரிது. கூரை அகலமானது, எந்திரங்கள் பகல் முழுக்க ஓடுகின்றன, பேனல் செய்யும் ஆலைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. விக்ரம் சோலார் ஒரகடத்திலேயே பேனல் செய்கிறது. பிள்ளைப்பாக்கத்தில் ஆண்டுக்கு 3.3 கிகாவாட் திறனுள்ள ஃபர்ஸ்ட் சோலார் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆலையை விட்டு வெளியேறுமுன் பேனல் மின்காப்புச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். அதே பேனல் கூரையேறி, பதினான்கு பதினாறாகக் கோக்கப்பட்டு, கேபிளும் கனெக்டரும் சேர்ந்தபின், அந்தச் சோதனையை எந்தக் கருவியால் செய்தார்கள் என்று வாங்குபவர் கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டும் என்கிறேன். வீட்டு வயரிங்குக்கு வாங்கி வைத்த மெக்கர் இந்த வேலைக்குப் போதாது.

மெக்கர் என்பது உண்மையில் ஒரு கம்பெனியின் பெயர். 1903-இல் இங்கிலாந்தில் பதிவான வணிகப் பெயர். நம் ஊர் எலக்ட்ரீஷியன் வாயில் அது கருவியின் பெயராகவே ஆகிவிட்டது. அது செய்யும் வேலை எளிது. கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 500 அல்லது 1000 வோல்ட் கொடுத்து, காப்பு உறை வழியே எவ்வளவு மின்னோட்டம் கசிகிறது என்று பார்த்து, அதை மெகாஓம் கணக்கில் சொல்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சோதிக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கக் கூடாது. வீட்டிலும் ஆலையிலும் மெயினை அணைத்தால் அது நிறைவேறிவிடும். சூரியனை அணைக்கும் சுவிட்ச் ஏது? பகல் பன்னிரண்டு மணிக்கு, பேனலுக்குச் சுமார் 50 வோல்ட் வீதம் பதினான்கு பேனல் கோத்த ஸ்ட்ரிங் 700 வோல்ட்டோடு நிற்கிறது. அதில் சாதாரண மெக்கரை வைத்தால், கருவி தரும் வோல்ட்டோடு ஸ்ட்ரிங்கின் சொந்த வோல்ட்டும் கலக்கிறது. பழுது ஸ்ட்ரிங்கின் எந்த முனைக்கு அருகே இருக்கிறது என்பதைப் பொறுத்து, காட்டும் அளவு கூடியும் வரலாம், குறைந்தும் வரலாம். நல்ல டிஜிட்டல் கருவி 'சப்ளை இருக்கிறது' என்று எச்சரித்து அளக்க மறுக்கும். கைப்பிடி சுற்றும் பழைய கருவி ஏதோ ஓர் எண்ணைக் காட்டும், ஆள் அதை எழுதிக்கொண்டு இறங்குவார். அளக்காமல் விட்டதைவிட இது மோசம். பழுதுள்ள கூரைக்கு நலமென்று சான்று கிடைத்துவிடுகிறது.

அனுபவமுள்ளவர்கள் இதற்கு ஒரு வழி சொல்வார்கள்: பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டு எர்த்தோடு அளக்கலாம். ஐ.இ.சி. 62446-1 என்ற சர்வதேசத் தரநிலையே அனுமதிக்கும் முறை இது. ஆனால் இணைப்பதும் பிரிப்பதும் கையால் செய்யும் வேலையல்ல. வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதன் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு. டிசி பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை, மூண்ட பொறி நின்று எரியும். அதற்கென்று மதிப்பிட்ட டிசி சுவிட்ச் பெட்டி இல்லாமல், தகரக் கூரையின் சரிவில் நின்றுகொண்டு ஓர் இளைஞர் இதைச் செய்வதை எந்த முதலாளியும் அனுமதிக்கக் கூடாது. சூரிய மின்வேலைக்கென்று செய்த கருவிகள் இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. ஹியோகி ஐஆர்4053 போன்றவை, பேனல் மின்சாரம் தந்துகொண்டிருக்கும்போதே, முனைகளை இணைக்காமல் ஒவ்வொரு முனையையும் எர்த்தோடு அளக்கின்றன.

வோல்ட் அதிகமானால் கருவி உசத்தி என்ற நம்பிக்கையும் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதிக்கு ஆபத்தானது. உயரழுத்த (ஹெச்.டி.) கேபிளுக்கும் பெரிய மோட்டாருக்கும் ஆலைகளில் 5 கிலோவோல்ட் மெக்கர் வைத்திருப்பார்கள். இருப்பதை எடுத்துப் பயன்படுத்தத் தோன்றுவது இயல்பு. பேனல் தாங்கும் உச்ச வோல்ட் 1000 அல்லது 1500 மட்டுமே. தரநிலை சொல்வது இதுதான்: ஸ்ட்ரிங்கின் திறந்த வோல்ட்டை (சுமை இணைக்காதபோது இருக்கும் வோல்ட்டை) 1.25-ஆல் பெருக்கு, 120 முதல் 500 வரை வந்தால் 500 வோல்ட்டில் சோதி, அதற்கு மேல் 1000 வரை வந்தால் 1000 வோல்ட்டில் சோதி. இரண்டிலும் குறைந்தது 1 மெகாஓம் வரவேண்டும். ஆறு பேனல் போட்ட 3 கிலோவாட் வீட்டுக்கு 500 வோல்ட் போதும். சோதிக்குமுன் இன்வெர்ட்டரையும் மின்னல் தடுப்பானையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் தடுப்பான் வழியே மின்சாரம் ஓடி, நல்ல கேபிளும் கெட்டதாகத் தெரியும்.

இத்தனை கவனம் எதற்கு என்பதற்குக் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு பதில் சொல்கிறது. 2009 ஏப்ரலில் அங்கே ஒரு பெரிய அங்காடியின் கூரைமேல் இருந்த சூரிய மின்நிலையம் தீப்பிடித்தது. சிறிய கம்பி ஒன்றில் முதல் எர்த் கசிவு ஏற்பட்டிருந்தது. அது பாதுகாப்பு ஃபியூஸை உருக்கும் அளவுக்கு இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. பிறகு பெரிய கம்பியில் இரண்டாவது கசிவு வந்தபோது, மின்னோட்டம் முழுவதும் அந்தச் சிறிய கம்பி வழியே பாய்ந்தது. ஃபியூஸ் கண்ணுக்குத் தப்பும் முதல் கசிவைக் காட்டுவதுதான் மின்காப்புச் சோதனை. நம் கூரைகளும் தகரம்தான். கேபிளைக் கட்டிய பிளாஸ்டிக் டை வெயிலில் நொறுங்கி, கேபிள் காற்றில் ஆடி ஷீட்டின் விளிம்பில் உரசினால், கூரை மொத்தமும் எர்த்தாக நிற்கிறது.

இன்வெர்ட்டரே தினமும் காலையில் சோதிக்கிறதே, தனிக் கருவி எதற்கு என்பது நான் மதிக்கும் மறுப்பு. சோதிக்கிறது, உண்மைதான். ஆனால் இன்வெர்ட்டருக்கான ஐ.இ.சி. 62109-2 தரநிலைப்படி, உச்ச வோல்ட்டை 30 மில்லிஆம்பியரால் வகுத்து வரும் தடைதான் அதன் எல்லை. 1000 வோல்ட் இன்வெர்ட்டருக்கு அது சுமார் 33 கிலோஓம். நிறுவும் நாளில் வேண்டியது 1 மெகாஓம், அதாவது முப்பது மடங்கு. இன்வெர்ட்டர் எச்சரிக்கும்போது பழுது முற்றியிருக்கும். எந்த ஸ்ட்ரிங், எந்த இடம் என்றும் அது சொல்லாது. 1 மெகாஓம் வந்தால் போதாதா என்றும் கேட்பார்கள். தேறுவதற்குப் போதும். ஆனால் நிறுவிய ஆண்டில் 200, அடுத்த ஆண்டில் 20, அதற்கடுத்து 3 என்று இறங்கும் ஸ்ட்ரிங் மூன்று முறையும் தேறிவிடும். அந்த இறக்கம்தான் செய்தி. ஆகவே அளவையும் தேதியையும் நினைவில் வைக்கும் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கூரை மொத்தத்தையும் சேர்த்து அளக்காமல் ஸ்ட்ரிங் ஸ்ட்ரிங்காக அளக்க வேண்டும்.

விலைதான் வலுவான மறுப்பு. சாதாரண மெக்கர் சில ஆயிரத்தில் கிடைக்கும்போது, பல பத்தாயிரம் கொடுத்து வாங்கு என்று மாதம் இரண்டு வீடு செய்யும் சிறு ஒப்பந்தக்காரரிடம் சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்தச் சுமையை அவர் மட்டுமே சுமக்க வேண்டும் என்று யார் விதித்தது? 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது; ஒரு கோடி வீடுகள் இலக்கு. இவ்வளவு பொதுப்பணம் போகும் கூரையில், நெட் மீட்டர் பொருத்த வரும் மின்வாரியம் ஸ்ட்ரிங்குக்கு ஒரு வரி கேட்கலாம்: எந்தக் கருவி, எத்தனை வோல்ட், எத்தனை மெகாஓம், என்ன தேதி. தொழிற்பேட்டைச் சங்கங்களும் ஐ.டி.ஐ.க்களும் கருவியை வாங்கி நாள் வாடகைக்கு விடலாம். பெரிய ஆலைகள் ஒப்பந்தத்திலேயே கருவியின் வகையை எழுதிவிடலாம். ஒரகடத்து ஆலைகள் அப்படி எழுதத் தொடங்கினால் ஒப்பந்தக்காரர்கள் தாமாகவே வாங்குவார்கள். நிறுவும் நாள் சோதனைக்குப் பிறகு இரண்டாவது சோதனையை எப்போது வைப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்த கூரை பல குறைகளை மறைக்கும். ஐப்பசி மழை விட்ட காலையில், கனெக்டருக்குள் ஈரம் இருக்கும்போது எடுத்த அளவு வேண்டும்.