கூகுளில் உங்க வெப்சைட் வரலையா? தப்பு எங்கே நடக்குதுன்னு கண்டுபிடிப்பது எப்படி?

கடை பெயரைப் போட்டு கூகுளில் தேடினால் பக்கத்துக் கடை வருது, டெலிவரி ஆப் வருது. நம்ம வெப்சைட் மட்டும் வரலை. "கூகுள் பிளாக் பண்ணிடுச்சா?" என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி. பெரும்பாலும் கதவை நாமே பூட்டி வைத்திருப்போம்.

முதலில் பார்க்க வேண்டியது கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல். அதில் வராத பக்கத்தின் முகவரியைப் போட்டால் காரணத்தையே சொல்லிடும். பக்கம் இண்டெக்ஸில் இருக்குன்னு வந்தால், பிரச்சனை ரேங்கிங்கில். அது வேற கதை.

'டிஸ்கவர்டு, நாட் இண்டெக்ஸ்டு' என்றால் முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கலை. 'க்ரால்டு, நாட் இண்டெக்ஸ்டு' என்றால் வந்து படிச்சுட்டு, இப்போதைக்கு வேண்டாம்னு விட்டுட்டுப் போயிருக்கு. கவலைப்பட வேண்டியது இரண்டாவதுக்குத்தான். அந்தப் பக்கத்தில் மற்ற இடங்களில் இல்லாத விஷயம் என்ன இருக்குன்னு யோசிக்கணும். ரெக்வெஸ்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கி பலனில்லை.

வேர்ட்பிரஸ் சைட்டா? செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போங்க. சர்ச் இன்ஜின்களை வரவிடாதே என்று ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். சைட் தயாராகும்போது டெவலப்பர் போட்டுவைப்பார், லைவ் ஆன பிறகு எடுக்க மறந்துடுவார். மொத்த சைட்டும் காணாமல் போக இந்த ஒரு டிக் போதும்.

அடுத்தது ரோபோட்ஸ் ஃபைல். இங்கேதான் நிறைய பேர் குழம்புறாங்க. ஒரு பக்கத்தை மறைக்க அதில் 'நோஇண்டெக்ஸ்' போட்டுவிட்டு, ரோபோட்ஸ் ஃபைலிலும் தடை போடுவாங்க. தடை இருந்தால் கூகுள் உள்ளே வராது, வராததால் நோஇண்டெக்ஸ் அதன் கண்ணில் படாது. கடைசியில் மறைக்க நினைத்த முகவரியே தேடலில் வந்து நிற்கும். ரோபோட்ஸ் ஃபைலுக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் எழுதும் பழைய வழியை கூகுள் 2019 செப்டம்பர் 1 முதல் ஏற்பதில்லை.

கம்ப்யூட்டரில் எல்லாம் சரியா தெரியுதேன்னு சொல்லாதீங்க. மொபைல் பதிப்பைத்தான் கூகுள் இண்டெக்ஸுக்கு எடுக்குது. மிச்சமிருந்த சைட்டுகளும் 2024 ஜூலை 5-க்குப் பிறகு இதற்குள் வந்துவிட்டன. போனில் திறக்காத பக்கம் இண்டெக்ஸ் ஆகாது.

சில நேரம் தப்பு கூகுள் பக்கமும் இருக்கும். 2019 ஏப்ரலில் அதன் இண்டெக்ஸிலிருந்தே ஒரு பகுதி பக்கங்கள் காணாமல் போயின. அதனால் திடீர்னு சைட் மறைந்தால், எதையும் மாற்றும் முன் கூகுளின் சர்ச் ஸ்டேட்டஸ் டேஷ்போர்டைப் பார்த்துடுங்க. தப்பைச் சரிசெய்த பிறகும் பக்கம் திரும்ப வர சில நாளோ, சில வாரமோ ஆகலாம்.