வெறுங்கையோடு வந்தவர்களா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தோட்டத் துரைமார் குடும்பங்களைப் பற்றி ஒரு கதை பல காலமாகச் சொல்லப்படுகிறது. சீமையில் தச்சராகவும் கொல்லராகவும் தோட்டக்காரராகவும் இருந்த ஏழைகள் வெறுங்கையோடு கப்பலேறி வந்து, ஆளில்லாத காட்டைத் திருத்தி, சொந்த உழைப்பாலேயே பெருநிலக்காரர் ஆனார்களாம். இதில் பாதிகூட உண்மையில்லை.

ஆளில்லாத காடு என்பதே தவறு. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி மலையேறியபோது புல்வெளிகளில் தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. படகர்களின் வயல்களில் ராகியும் சாமையும் விளைந்தன. சரிவுக் காடுகளில் குறும்பரும் இருளரும் வாழ்ந்தார்கள். உதகையில் அவர் கல் வீடு கட்டியது தோடர்களிடம் வாங்கிய நிலத்தில். ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்ததாகச் சொல்வார்கள். சொந்தக்காரரே இல்லாத இடத்துக்கு யாரிடம் விலை பேசுவது? தோடர்களுக்கு நில உரிமை உண்டென்று அரசிடம் வாதாடியவரும் சல்லிவன்தான். அந்த வாதம் எடுபடவில்லை. மேய்ச்சல் நிலம் அரசின் ஏட்டில் 'தரிசு' ஆனது. தரிசு பிறகு தோட்டம் ஆனது.

சொந்த உழைப்பு என்பதும் நிற்காது. காபிக்கும் தேயிலைக்கும் குழி வெட்டியவர்கள் மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துச் சமவெளியிலிருந்து அழைத்துவந்த கூலிகள். நடுவட்டத்து அரசு சிங்கோனாத் தோட்டத்தில் சீனக் கைதிகளைக்கூட வேலை வாங்கினார்கள்.

கைத்திறனை நான் மறுக்கவில்லை. கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் மெக்ஐவர் 1848-இல் உதகைக்கு வந்து தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். சிங்கோனா மரத்தில் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, அந்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினால் பட்டை மறுபடி வளரும், கொயினாவும் கூடும் என்று கண்டவர் அவர். அருமையான கை! ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் அரசின் பதவியும் நிலமும் ஆட்களும் இருந்தன.

திறமைதான் நிலம் தரும் என்றால் கோத்தர்களுக்கு அல்லவா முதலில் தந்திருக்க வேண்டும்? தோல் துருத்தி ஊதி இரும்பு காய்ச்சி, மலை முழுவதற்கும் கோடாரியும் அரிவாளும் அடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களின் பெண்கள் பானை வனைந்தார்கள். கடைத்தெருவுக்குச் சமவெளிச் சாமான்கள் வந்ததும் அந்தத் தொழில் நொடிந்தது. எந்தக் கொல்லரும் எஸ்டேட் முதலாளி ஆகவில்லை.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களையும் பாருங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள், இன்றைய டான்டீ, தொடங்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் இவை. உழைப்பு இவர்களிடம் குறைவா? ஆனாலும் ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் போக இடமில்லாமல் தவிக்கிறார்கள்.