அடமாம், திமிராம்

"பள்ளிக்கூடத்தில் அவன் நல்லாத்தான் இருக்கிறான். வீட்டில்தான் ஏதோ சரியில்லை." எத்தனை கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டீர்கள்! பயத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டு மூன்று மணி வரை உங்கள் கதிரையில் அசையாமல் இருந்த என் பிள்ளை, வீட்டுக் கதவு திறந்ததும் சப்பாத்தோடு தரையில் விழுந்து கதறுகிறானே, அது உங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவைத்த கதறல் இல்லையா? பிள்ளை வளர்க்கும் வகுப்புக்கு என்னை அனுப்பினீர்கள். போனேன். கையொப்பமும் வாங்கிக்கொண்டீர்கள்.

அவனுக்கு ஒன்பது வயது. ஓட்டிசம். அதோடு பி.டி.ஏ. (Pathological Demand Avoidance) என்கிறார்கள். யாராவது ஒன்றைச் செய் என்றால், அது எவ்வளவு சின்னதானாலும், ஆபத்து வந்ததுபோல அவன் உடம்பு பதறும். நீச்சல் என்றால் அவனுக்கு உயிர். "வெளிக்கிடு, நேரமாச்சு" என்று சொன்னால் அந்த நீச்சலுக்கும் போக முடியாது. போக ஆசைப்பட்டு, கால் நகராமல், நீச்சல் பையைக் கட்டிப்பிடித்தபடி அழுவான். அடம்பிடிக்கிற பிள்ளை கேட்டதைக் கொடுத்தால் அடங்கும். இவன் தனக்குப் பிடித்ததையே இழந்துவிட்டு நடுங்குகிறான். இதற்கா திமிர் என்று பெயர் வைத்தீர்கள்?

எங்கள் சனமும் குறைவில்லை. "எங்கட காலத்தில ஒரு பூவரசம் தடி காணும்" என்று போனில் சொல்லுகிற பெரியம்மாவுக்கு நான் என்ன சொல்ல? அவர் படிக்கவில்லை. நீங்கள் படித்தவர்கள்.

இது இன்றைக்கு முளைத்த கதையும் இல்லை. நொட்டிங்ஹாமில் எலிசபெத் நியூசன் என்ற உளவியலாளர் 1980களிலேயே இப்படியான பிள்ளைகளை அடையாளம் கண்டு சொன்னார். 2003இல் மருத்துவ இதழில் விரிவாக எழுதினார். உங்கள் இங்கிலாந்தில், உங்கள் மொழியில். நீங்களோ "நோய்ப்பட்டியலில் தனியாக இல்லையே" என்கிறீர்கள். இல்லைத்தான். ஓட்டிசத்தின் ஒரு வடிவமா, கடும் பதற்றமா என்று அறிஞர்கள் தங்களுக்குள் வாதாடட்டும். அவர்கள் முடிவுக்கு வரும்வரை என் பிள்ளை மேசைக்குக் கீழே ஒளிந்திருக்க வேண்டுமா?

அங்கிருந்து கையைப் பிடித்து இழுத்தீர்கள். அவன் தள்ளினான். ஆசிரியையைத் தாக்கினான் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினீர்கள். ஓட்டிசத்தால் வருகிற இப்படியான நடத்தையைக் காட்டி ஒரு பிள்ளைக்குச் சமத்துவச் சட்டத்தின் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று 2018இல் மேல் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. அதை உங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டியவள் நானா?

அவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களிடமே ஓர் உதவி ஆசிரியை இருந்தார். அவர் அவனிடம் ஒன்றையும் "செய்" என்று சொன்னதில்லை. "இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லையே" என்று தனக்குத்தானே முணுமுணுப்பார். கொஞ்ச நேரத்தில் இவன் எட்டிப் பார்ப்பான், பிறகு திருத்துவான். பென்சிலா, பேனையா? கதிரையிலா, தரையிலா? அவனே தெரிந்தெடுக்க விடுவார். மேசைக்குக் கீழே இருந்து எழுதினாலும் எழுத்து எழுத்துத்தானே என்று விட்டுவிடுவார். எல்லாருக்கும் முன்னால் கைதட்டிப் புகழமாட்டார். புகழ்ந்தால் நாளைக்கும் அதைச் செய்தாக வேண்டுமே என்று அவன் பயப்படுவான். மூச்சு முட்டினால் கேட்காமலே எழும்பி வெளியே போக ஓர் அட்டை கொடுத்திருந்தார். அந்தத் தவணை அவன் காலையில் தானாகவே சப்பாத்துப் போட்டான்.

அவரை நிற்பாட்டினீர்கள். காசில்லையாம். "இப்போது நன்றாகச் சமாளிக்கிறான், இனித் தேவையில்லை" என்று வேறு எழுதினீர்கள். அவர் இருந்ததால் சமாளித்தான்! அவருக்குப் பதிலாகச் சுவரில் நட்சத்திரப் பலகையைத் தொங்கவிட்டீர்கள். எல்லாப் பிள்ளையின் பெயரும் சூரியனில், இவன் பெயர் மழைமுகிலில். அதற்குப் பிறகு தனியறை. இரண்டு பக்கமும் தட்டி, முன்னால் வெறும் சுவர்.

விசேட தேவைத் திட்டத்துக்காகக் கவுன்சிலில் விண்ணப்பித்தேன். விண்ணப்பத்தில் இருந்து இறுதித் திட்டம் வரை 20 வாரம் என்கிறது சட்டம். மதிப்பீடே செய்யமாட்டோம், பள்ளிக்கூடமே பார்த்துக்கொள்ளும் என்று திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் பார்த்துக்கொண்ட அழகைத்தான் மேலே சொன்னேனே. அவன் பள்ளிக்கூடம் வருவதை நிறுத்தினான். வாந்தி எடுத்தான். படுக்கையை விட்டு எழும்பவில்லை.

இப்போது அவன் வராததற்குத் தண்டப்பணக் கடிதம். எனக்கு 80 பவுண், அவன் அப்பாவுக்கு 80 பவுண். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அதையும் கட்டாவிட்டால் 1996 கல்விச் சட்டத்தின் 444ஆம் பிரிவில் வழக்கு. கடும் குற்றம் என்று கண்டால் மூன்று மாதச் சிறையும் கிடைக்கலாம்.

கட்டமாட்டேன். நீதவானுக்கு முன்னால் நிறுத்துங்கள். வரும்போது வரவுப் பதிவேட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள். அந்த உதவி ஆசிரியை இருந்த தவணையையும், அவரை நிற்பாட்டிய பிறகு வந்த தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீதவானுக்குக் காட்டுங்கள். அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவர் கேட்பார். நான் வாய் திறக்கமாட்டேன். நீங்களே பதில் சொல்லுங்கள்.