விண்ணப்பத்தின் கடைசிக் கேள்வி



உதவித்தொகை விண்ணப்பங்கள் போடுகிற மாதங்களில் எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரே கவலை திரும்பத் திரும்பத் தெரிகிறது. கேளம்பாக்கம், படூர், தையூர், திருப்போரூர் பக்கத்துப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ் எல்லாம் தயார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறதாம். "உங்கள் லட்சியம் என்ன? உங்கள் சமூகத்துக்கு எப்படிப் பயன்படுவீர்கள்?"

எழுதிப் பார்த்து அனுப்பும் பதில்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. நல்ல வேலைக்குப் போவேன், குடும்பத்தை முன்னுக்குக் கொண்டுவருவேன், அதற்குப் பிறகு ஏழைகளுக்கு உதவுவேன். மனதாரச் சொன்னதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் தொழில் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கமாக நிற்கிறது. செய்கிற தொழிலே ஊருக்கு உதவியாக அமைய வழி உண்டா என்று முதலில் தேடுங்கள் என்பேன். அப்படி அமைந்ததற்குப் பெரிய சாட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது.

கோவளம் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் வடநெம்மேலி. அங்குள்ள முதலைப் பண்ணைக்கு உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலா போயிருப்பீர்கள். அந்த வளாகத்துக்குள்தான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. ஒரு காலத்தில் இருளர் பழங்குடியினர் பாம்பைப் பிடித்துத் தோலுக்கு விற்றுப் பிழைத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோல் வியாபாரத்துக்குத் தடை விழுந்தது. காட்டுயிர்களுக்கு அது அவசியமான சட்டம். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த வித்தையை வைத்துக்கொண்டு அந்த மக்கள் என்ன செய்வார்கள்? பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணை நிற்க, 1978-ல் சங்கம் பதிவானது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிடும் தொழில் பிறந்தது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதியோடு பிடிக்கிறார்கள். மண்பானைக்குள் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி, சில வாரங்கள் வைத்திருக்கிறார்கள். இடைவெளி விட்டு விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விடுகிறார்கள். மறுபடி கையில் சிக்கினால் அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடலாம். எடுத்த விஷம் உலர்ந்த பொடியாக மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே அதைக் குதிரைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளிலிருந்து விஷமுறிவு மருந்து தயாரிக்கிறார்கள். வடக்கே எங்கோ வயலில் கடிபட்ட விவசாயி பிழைப்பதில் நம் மாவட்டத்து இருளர் கைகளுக்கும் பங்கு உண்டு. இதைவிடப் பெரிய சமூகப் பணியை நான் அறியேன்.

இந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே அழைத்தார்கள், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

"நான் பாம்பு பிடிக்கப் போவதில்லையே" என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் பாம்புக்கடியிலிருந்து உயிர் காக்கும் வேலை இன்னும் முடியவில்லை. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுவதால், மருந்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. உயிர் வேதியியல் படிக்கிற பெண்ணுக்கு இதில் ஒரு வாழ்நாள் வேலை காத்திருக்கிறது. 2024-ல் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றில் சேர்த்தது. அந்தக் கணக்குகளைத் திரட்டி, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எவ்வளவு மருந்து வேண்டும் என்று சொல்ல, சிறுசேரியில் வேலை தேடும் கணினிப் பட்டதாரியால் முடியும். கடிபட்டவரை மந்திரிக்கக் கூட்டிப்போகாமல் ஆஸ்பத்திரிக்கு வரவைக்க, ஊர்ப் பேச்சு தெரிந்த ஒரு நர்ஸ் வேண்டும்.

பாம்பு ஓர் உதாரணம்தான். கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன், தானாகக் கற்ற அலைச்சறுக்கைக் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஒரு பள்ளியையே வளர்த்திருக்கிறார். உங்கள் தெருவில் என்ன இருக்கிறது? கோவளம் சாலையோரத்து உப்பளமா, முகத்துவாரமா, வீடுகளுக்கு நடுவே சுருங்கிவரும் ஏரியா, வெளிமாநிலத் தொழிலாளிகளின் பிள்ளைகள் மொழி புரியாமல் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையா? உங்கள் படிப்பு அதில் எந்த இடத்தில் பொருந்தும் என்று எழுதுங்கள். ஊரின் பெயரைப் போடுங்கள். முதல் வருடமே செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. விண்ணப்பங்களைக் கட்டுக்கட்டாகப் படிப்பவர் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்.

எழுதி முடித்ததும் ஒரு நகல் எங்களுக்கும் அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் படித்து, தோன்றியதை உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். ஊருக்குச் சொல்லத் தக்க யோசனைகளை, உங்கள் சம்மதத்தோடு, அடுத்த இதழில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்