அத்தை கொடுத்த அரை மாத்திரை!



போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி புலம்பித் தள்ளியிருந்தேன். இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். ஆனா பயந்துடாதீங்க, நடுநடுவுல மாடு வந்து காப்பாத்தும்!

புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு குட்டி இன்ட்ரோ. பிறந்து வளர்ந்தது கடலூர் மஞ்சக்குப்பம். படிக்கிறது புதுச்சேரி குரும்பாபேட்டையில, கால்நடை மருத்துவம். அஞ்சரை வருஷப் படிப்பில் கடைசி ஒரு வருஷமான இன்டர்ன்ஷிப்ல இருக்கேன். வாழ்க்கைப்பட்டது சிதம்பரம் வடக்கு வீதி பக்கம். கழுத்துல மஞ்சள் கயிறு ஏறி மூணே மாசம்!

கல்யாணத்துக்கு முன்னாடி நடந்த கூத்து தனிக் கதை. 'பொண்ணு டாக்டருக்குப் படிக்குது'னு தரகர் சொன்னதைக் கேட்டு வருவாங்க. பஜ்ஜியைக் கையில எடுத்துக்கிட்டே, "எந்த ஆஸ்பத்திரிம்மா?"னு கேட்பாங்க. நான் பெருமையா, "மாட்டாஸ்பத்திரி"ம்பேன். அவ்வளவுதான்... கையில இருந்த பஜ்ஜி மறுபடி தட்டுக்கே போயிடும். 'ஏங்க, இந்தப் படிப்பை சென்னையில 1903-லயே ஆரம்பிச்சுட்டாங்க, 1936-லயே மெட்ராஸ் யுனிவர்சிட்டியில சேர்த்துட்டாங்க'னு நான் ஹிஸ்டரி க்ளாஸ் எடுக்கிறதுக்குள்ள, வந்தவங்க செருப்பைத் தேட ஆரம்பிச்சிருப்பாங்க.

ஒருத்தங்க மட்டும் முகத்தைச் சுளிக்கலை. "எங்க வீட்ல மீனுன்னு ஒரு பூனை இருக்கும்மா. அதுக்கு அடிக்கடி வயிறு சரியில்லாமப் போகுது. வந்து பார்ப்பியா?"னு கேட்டாங்க. அவங்கதான் இப்போ என் அத்தை. மாப்பிள்ளையை அப்புறம்தான் பார்த்தேன். ஹி... ஹி...

சரி, நம்ம ஒரு நாள் பொழப்பு எப்படி இருக்கும் தெரியுமா? காலையில கம் பூட்ஸை மாட்டிக்கிட்டு தொழுவத்துக்குப் போகணும். தோள்பட்டை வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் கிளவுஸைப் போட்டுக்கிட்டு, மாடு சினையா இல்லையானு உள்ளே கையை விட்டுப் பார்க்கணும். கையில போட்ட புது வளையலை எல்லாம் கழட்டி வச்சாச்சு. மஞ்சள் கயிறை கோட்டுக்குள்ள விட்டு ஒரு ஊக்கும் குத்திக்குவேன். பசு நாக்கை நீட்டி இழுத்துட்டா, யாரு பதில் சொல்றது?

சனிக்கிழமை டூட்டி முடிஞ்சதும் சிதம்பரம் பஸ். எத்தனை தடவை சோப்பு போட்டாலும் ஒரு வாசனை கூடவே வரும். அதனால பக்கத்து சீட் எப்பவும் காலி, காலை நீட்டிக்கலாம்! கடலூர் பஸ் ஸ்டாண்டுல அம்மா டிபன் டப்பாவோட நிப்பாங்க. ஜன்னல் வழியா டப்பா உள்ளே வரும், பழைய டப்பா வெளியே போகும். அப்புறம் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர்னு தூங்கி வழிஞ்சுக்கிட்டே போய் இறங்கினா, வாசல்ல மீனு உட்கார்ந்திருக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை ராத்திரி, மீனு வாசலுக்கு வரலை. "ரெண்டு வேளையா சாப்பிடலைம்மா, உடம்பு கொஞ்சம் சுடுது"ன்னாங்க அத்தை. தொட்டுப் பார்த்தேன். லேசான காய்ச்சல்தான். காலையில பார்த்துக்கலாம்னு படுத்துட்டேன். அன்னிக்கு மட்டும் ரெண்டு மாட்டுக்குப் பிரசவம் பார்த்திருந்தேன். படுத்தது மட்டும்தான் ஞாபகம்.

விடியக்காலை நாலரை மணி இருக்கும். கோலம் போட எழுந்த அத்தை, கதவைத் தட்டினாங்க. "மீனு ஒரு மாதிரியா மூச்சு விடுதும்மா..."

கட்டிலுக்கு அடியில கிடந்தது. மூஞ்சி உப்பிப்போயிருந்தது. செல்போன் டார்ச்சை அடிச்சு உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரோஸ் கலர்ல இருக்க வேண்டிய ஈறு, சாக்லேட் கலர்ல இருந்தது! எனக்கு கை நடுங்கிடுச்சு. பாடப் புத்தகத்துல படிச்சது அப்படியே கண்ணு முன்னாடி கிடக்குது.

"அத்தை, ராத்திரி ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"இல்லையேம்மா."

"மாத்திரை ஏதாவது...?"

"ஒண்ணுமே குடுக்கலையே" - சொல்லும்போதே முந்தானையைத் திருகிக்கிட்டு இருந்தாங்க.

இப்போ என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. வந்து மூணு மாசம் ஆன மருமக. 'பொய் சொல்றீங்க'னு மாமியாரைப் பார்த்துச் சொல்ல முடியுமா? சொல்லாம இருந்தா, மீனுவுக்கு நேரம் போய்க்கிட்டே இருக்கு. மரியாதையா, உயிரா? எந்தப் பரீட்சையிலயும் இப்படி ஒரு கேள்வி வந்தது இல்லை.

அப்போதான், யார்கிட்டயும் அதுவரைக்கும் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொன்னேன்.

நான் எட்டாவது படிக்கும்போது எங்க வீட்ல புஜ்ஜினு ஒரு பூனைக்குட்டி இருந்தது. பொங்கலுக்கு வீடு கழுவுற வேலையை அம்மா என்கிட்ட விட்டாங்க. வாசனை தூக்கலா இருக்கட்டும்னு கறுப்பு ஃபினாயிலை தண்ணியே கலக்காம தரை முழுக்க ஊத்தித் தேய்ச்சேன். புஜ்ஜி அதுமேல நடந்துபோய் உட்கார்ந்து, காலை நக்கிச்சு. பூனை நக்கித்தானே குளிக்கும்! சாயங்காலம் வாயில எச்சில் ஒழுக, உடம்பு வெட வெடன்னு நடுங்க ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். "வீட்ல மருந்து, ஃபினாயில்னு எதுலயாவது வாய் வச்சுதா?"னு டாக்டர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாங்க. திட்டு விழுமேனு, "இல்ல சார்"னு சொல்லிட்டேன்.

ராத்திரி புஜ்ஜி செத்துப்போச்சு.

உண்மையைச் சொல்லியிருந்தா பிழைச்சிருக்குமா... தெரியாது. ஆனா, அந்த டாக்டருக்கு ஒரு வாய்ப்பாவது கிடைச்சிருக்கும். நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அந்த 'இல்ல சார்'னாலதான்.

நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அத்தை அழுதுட்டாங்க. "எனக்குக் காய்ச்சல் வந்தா போடுற மாத்திரைதாம்மா... பாதி உடைச்சு, பால்ல கரைச்சுக் குடுத்தேன். நீ அலுத்து வந்து தூங்குற, எழுப்ப மனசு வரலை."

பாரசிட்டமால் 500. அதுல பாதி 250 மில்லிகிராம். மீனுவோட எடை மூணு கிலோ. கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல! சில பூனைகளுக்கு கிலோவுக்கு 10 மில்லிகிராமே ஆபத்தாகும்.

ஏன் அப்படி? நம்ம கல்லீரல், பாரசிட்டமாலை இன்னொரு பொருளோட சேர்த்துக் கட்டி, பத்திரமா வெளியே அனுப்பிடும். அந்தக் கட்டுற வேலையைச் செய்யற நொதி பூனைக்கு ரொம்பவே குறைச்சல். அதனால மருந்து உடம்புக்குள்ளயே விஷமா மாறி, ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற சிவப்பணுக்களைக் கெடுத்துடும். ரத்தம் பழுப்பாகும், ஈறும் பழுப்பாகும். மூச்சு இருக்கும், ஆனா ஆக்சிஜன் போய்ச் சேராது.

இதுக்குள்ள மாமா எழுந்து வந்து, "அறிவிருக்கா உனக்கு?"னு அத்தைகிட்ட ஆரம்பிச்சார். கல்யாணமான நாள்லேர்ந்து மாமா முன்னாடி நான் சத்தமாப் பேசினதே இல்லை. அன்னிக்குப் பேசினேன். "மாமா, இப்போ திட்டாதீங்க. அத்தை உண்மையைச் சொன்னதாலதான் மருந்து என்னன்னு தெரிஞ்சுது. இல்லேன்னா இன்னும் தேடிக்கிட்டு இருப்போம்." மாமா கப்சிப்!

சிதம்பரத்துல கிளினிக் வச்சிருக்கிற எங்க சீனியர் ஒருத்தருக்கு போன் அடிச்சேன். என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை மணிக்கு - மூணே விஷயம்தான் சொன்னேன். "அசிட்டைல்சிஸ்டீன் வேணும், உடனே கிளம்பு"ன்னார். மனுஷங்க பாரசிட்டமாலை அளவுக்கு மீறி முழுங்கிட்டா கொடுக்கிற அதே மாற்று மருந்துதான். என் வீட்டுக்காரர் லுங்கியோட பைக்கை எடுத்துக்கிட்டு ராத்திரி திறந்திருக்கிற மெடிக்கலா தேடி ஓடினார். மீனு கால்ல ட்ரிப்ஸ், மூக்குக்கிட்ட ஆக்சிஜன். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து. மூணு நாள் இழுத்துப் பிடிச்சு, நாலாவது நாள் ஒரு துண்டு மத்தி மீனை மோந்து பார்த்துச்சு. அத்தை அன்னிக்குத்தான் ஒழுங்கா சாப்பிட்டாங்க.

ஃப்ரெண்ட்ஸ், எல்லாக் கதையும் இப்படி முடியறது இல்லை. சீக்கிரம் தெரிஞ்சதால முடிஞ்சது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் எங்ககிட்ட முதல்ல சொல்றது, 'ஒண்ணுமே குடுக்கலை டாக்டர்'. விஷம் வச்சவங்க யாரும் பிராணியைத் தூக்கிக்கிட்டு ஓடி வர மாட்டாங்க. ஓடி வர்றது பாசமா எதையோ கொடுத்தவங்கதான். பாசத்தோட கூடவே ஒரு வெட்கம், ஒரு பயம்.

ஒரு உயிருக்கு மருந்து, இன்னொரு உயிருக்கு எமன். மாட்டுக்கு வலி போக டைக்ளோஃபெனாக் ஊசி போட்டாங்க. அந்த மாடு செத்ததும் தின்ன பாறு கழுகுகளுக்கு கிட்னி போய், கூட்டம் கூட்டமா அழிஞ்சுது. 2006-ல கால்நடைக்கு அந்த மருந்தே கூடாதுனு இந்தியாவுல நிறுத்தினாங்க. மாட்டுக்கும் கழுகுக்குமே இப்படின்னா, நமக்கும் பூனைக்கும் எவ்வளவு தூரம்!

சரி, இப்போ உங்க வீட்டை ஒரு ரவுண்டு அடிப்போமா?

* மாத்திரை டப்பா: பூனைக்குப் பாரசிட்டமால் கூடவே கூடாது. நாய்க்கும் டாக்டர் சொல்லாமக் கொடுக்காதீங்க. ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயோட வயித்தையும் கிட்னியையும் பதம் பார்க்கும்.

* அடுப்படி: வெங்காயம், பூண்டு - பச்சையோ வெந்ததோ - நாய், பூனை ரெண்டோட ரத்த அணுக்களையும் உடைக்கும். கொத்சு மிச்சத்தைத் தட்டுல தள்ளாதீங்க. பாயசத்துல மிதக்கிற உலர் திராட்சை, நாயோட கிட்னிக்கு ஆகாது. சாக்லேட்டும் நோ. சர்க்கரை இல்லாத சூயிங்கம்ல இருக்கிற சைலிட்டால், நாய்க்கு சர்க்கரை அளவைத் தடாலடியா இறக்கிடும்.

* பீரோ, பாத்ரூம்: பாச்சை உருண்டை, ஃபினாயில். தரை நல்லாக் காயற வரைக்கும் பூனையை உள்ளே விடாதீங்க.

* பூக்கூடை: மல்லிகைச் சரத்தோட நூலைப் பூனை விளையாட்டா முழுங்கிடும். வாயிலயோ பின்பக்கமோ நுனி தெரிஞ்சா இழுக்காதீங்க, குடலையே அறுத்துடும். கல்யாண பொக்கேயில வர்ற லில்லி, பூனை கிட்னியைக் காலி பண்ணிடும். தோட்டத்து அரளி இதயத்துக்கே எதிரி.

* எலி மருந்து: தின்னு ரெண்டு மூணு நாள் நல்லாத்தானே இருக்குதுனு ஏமாந்துடாதீங்க. சில ரகம் அதுக்கப்புறம்தான் உள்ளுக்குள்ள ரத்தம் கசிய வைக்கும். சீக்கிரம் வந்தா வைட்டமின் கே கொடுத்துக் காப்பாத்தலாம்.

ஏதாவது தின்னுட்டா? உப்புத் தண்ணி, எண்ணெய், பால்னு கை வைத்தியம் எதையும் வாயில ஊத்தாதீங்க. அட்டையை, பாட்டிலை அப்படியே கையில எடுத்துக்குங்க. எவ்வளவு, எத்தனை மணிக்குனு சொல்லுங்க. ஓடுங்க. முக்கியமா, வீட்ல யார் கொடுத்திருந்தாலும் அந்த நேரத்துல திட்டாதீங்க. திட்டினா அடுத்த தடவை உண்மை வராது.

அடுத்த வாரம் பஸ்ல வரும்போது கடலூர்ல அம்மாகிட்ட ஜன்னல் வழியா புஜ்ஜி கதையைச் சொல்லிட்டேன். "தெரியும்டி. மறுநாள் ஃபினாயில் பாட்டிலைத் தூக்கினேன், காலியா இருந்துச்சு. நீயே சொல்லுவேனு இத்தனை வருஷமா பார்த்துக்கிட்டு இருந்தேன்"னாங்க. கண்டக்டர் விசில் அடிச்சிட்டார். டிபன் டப்பா மாத்திக்கக்கூட மறந்துட்டோம்.

இப்போ தினமும் காலையில ஆறு மணிக்கு அத்தைகிட்டேர்ந்து வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வருது. ரோஜாப்பூ, குட்மார்னிங் எல்லாம் இல்லைங்க... உதட்டைத் தூக்கிப் பிடிச்சு எடுத்த மீனுவோட ஈறு! கீழே ஒரே வரி: 'ரோஸ் கலர்தானேம்மா?'

ரோஸ்தான் அத்தை, ரோஸ்தான்.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுக்குள்ள அந்த மாத்திரை டப்பாவைக் கொஞ்சம் உயரத்துல தூக்கி வச்சிடுங்க, ப்ளீஸ்!